புதையலைப் பங்கு போடும் பிறந்தநாள்

கே: கடற்கொள்ளையர் பிறந்தநாள் விழா என்றால் எந்த வயதில், எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ப: ஐந்து முதல் பத்து வயது வரை இந்த விழா நன்றாக எடுபடும். அதற்கும் சின்னவர்களுக்கு மண்டை ஓட்டைக் கண்டால் பயம். ஒரு துப்பிலிருந்து அடுத்த துப்புக்குப் போகும் பொறுமையும் வந்திருக்காது. பத்தைத் தாண்டிய பிள்ளைகளுக்குத் திசைகாட்டியும் ரகசிய எழுத்தும் இருந்தால்தான் சுவாரஸ்யம். எட்டு முதல் பன்னிரண்டு குழந்தைகள் வரை சமாளிக்கலாம். நான்கு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொண்டால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். இரண்டு மணி நேரம் போதும். மாலை நாலரைக்குத் தொடங்கினால் வெயில் தாழ்ந்திருக்கும். இருட்டுவதற்குள் புதையலும் அகப்பட்டுவிடும்.

கே: கொள்ளைக்காரர்களைக் குழந்தைகள் கொண்டாடலாமா?

ப: நியாயமான கேள்வி. பலூன் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டிய கேள்வியும் கூட. பிறந்தநாளுக்கு வருகிற கொள்ளையர் பெரும்பாலும் கதையில் பிறந்தவர். புதையல் வரைபடம், ஒற்றைக்கால் மாலுமி, தோளில் பேசும் கிளி ஆகிய மூன்றையும் உலகெங்கும் பரப்பியது ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவல். 1881 கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊரில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். மனைவியின் மகனான பள்ளிச் சிறுவனோடு விளையாட்டாக ஒரு தீவின் வரைபடத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தப் படத்திலிருந்துதான் கதை முளைத்தது. 1883இல் அது நூலானது.

நிஜக் கொள்ளையரின் வரலாறு இருண்டது. பிளாக்பியர்ட் என்ற கொள்ளைத் தலைவரின் ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’, சாமுவேல் பெல்லமி என்ற இன்னொருவரின் ‘வைடா’ இரண்டுமே அவர்கள் கையில் சிக்கும் முன் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்கள். பெல்லமியின் கூட்டத்தில் ஜான் கிங் என்ற சிறுவனும் இருந்தான். தாயோடு பயணம் செய்துகொண்டிருந்தவன், கொள்ளையரோடு போவேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தான். 1717 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் கேப் காட் கரையருகே புயலில் ‘வைடா’ மூழ்கியது. 1984இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கப்பலின் சிதைவிலிருந்து ஒரு சிறிய காலணியும் பட்டுக் காலுறையும் கால் எலும்பும் கிடைத்தன. எலும்பு 8 முதல் 11 வயதுச் சிறுவனுடையது. ஜான் கிங்குடையதாகவே இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதையெல்லாம் விழாவில் சொல்ல வேண்டாம். குழந்தை நேராகக் கேட்டால், நிஜக் கொள்ளையர்கள் மனிதர்களைத் துன்புறுத்தினார்கள், இங்கே நடப்பது கதை விளையாட்டு என்று மறைக்காமல் சொல்லிவிடலாம். சோமாலியக் கடற்பகுதியில் மாலுமிகள் பணயக்கைதிகளாகப் பிடிபட்டது நம் காலத்தில் நடந்தது. அழைக்கும் குடும்பங்களில் கப்பல் வேலைக்குப் போனவர் யாராவது இருந்தால், இந்த வேடம் அவர்களுக்குச் சம்மதமா என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. விளையாட்டை அமைக்கும்போதும் ஒன்றைக் கவனித்தால் போதும்: பிறரிடமிருந்து பிடுங்குவது வேண்டாம், தொலைந்த புதையலைத் தேடுவது இருக்கட்டும்.

கே: கண்மூடி, தலைத்துணி, இடுப்புக்கச்சை... கொள்ளையர் நிஜமாகவே இப்படித்தான் உடுத்தினார்களா?

ப: பெரும்பாலும் சாதாரண மாலுமியின் உடைதான்: தளர்ந்த கால்சட்டை, முரட்டுச் சட்டை, கழுத்தில் ஒரு துணி. இடுப்பில் வண்ணக் கச்சையும் தலையில் இறுகக் கட்டிய துணியும் காதில் பெரிய வளையமும் கொண்ட தோற்றத்தை நிலைநிறுத்தியவர் ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர். அவருடைய படங்களைப் பார்த்துத்தான் திரைப்படங்கள் உடை தைத்தன.

ஆகவே கடையில் தயார் உடை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டை, அம்மாவின் துப்பட்டா, தலைக்கு ஒரு சின்னத் துண்டு, கொள்ளையர் தயார். கண்மூடியைப் புகைப்படத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிட வேண்டும். ஒரு கண்ணை மறைத்தால் படியின் ஆழம் சரியாகத் தெரியாது, ஓடும் குழந்தை விழும். ஒரே கண்மூடியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் போட்டால் ‘மெட்ராஸ் ஐ’யும் விழாவுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் வாளுக்குப் பதில் சார்ட் பேப்பரைச் சுருட்டித் தொலைநோக்கி செய்து தரலாம். வாள் இருந்தால் கை சண்டை தேடும். தொலைநோக்கி இருந்தால் கண் புதையலைத் தேடும்.

கே: “இது பையன்கள் விழா” என்று ஒரு சிறுமி ஒதுங்கி நிற்கிறாளே?

ப: ஆன் போனி, மேரி ரீட் என்ற பெண் கொள்ளையர் இருவரையும் அறிமுகப்படுத்தலாம். ஜாக் ரேக்கம் என்ற கொள்ளையரின் கப்பலில் இருந்த இவர்கள் 1720இல் ஜமைக்காவில் பிடிபட்டபோது, ஆண்களை விடத் துணிவாக நின்றவர்கள் என்று பெயர் பெற்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்களை நடத்திய செங் யீ சாவும் பெண்தான். சீன அரசோடு பேரம் பேசி 1810இல் சரணடைந்து, அதன்பின் உயிரோடு நெடுங்காலம் வாழ்ந்தார்.

கே: பழைய வரைபடம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ப: சமையலறையில். ஏ4 தாளைக் கசக்கி விரித்து, ஆறிய காபி டிகாஷனில் அல்லது கெட்டியான தேநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வெயிலில் காயவிட்டால் முந்நூறு வருடம் கூடிவிடும். ஓரத்தை நெருப்பில் கருக்கும் பழக்கம் வேண்டாம். கையால் கிழித்தாலே போதும், அழகும் குறையாது. படம் வரைவதும் எழுதுவதும் தாள் காய்ந்த பிறகு. முதலிலேயே எழுதினால் மை கரைந்துவிடும். இதையே சுருட்டி, நூல் கட்டி அழைப்பிதழாகவும் கொடுக்கலாம். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், முகவரி ஆகியவற்றை மட்டும் புதிர் போடாமல் எழுத வேண்டும்.

கே: புதையல் வேட்டை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே! என்ன செய்வது?

ப: விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அலங்காரத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் பலன் தெரியும். வேட்டை சீக்கிரம் முடிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வரைபடத்தில் இருப்பது ஏதோ ஒரு தீவு, புதையல் இருப்பது சோபாவுக்குப் பின்னால். இரண்டுக்கும் தொடர்பில்லாததால் குழந்தைகள் படத்தை எறிந்துவிட்டு நேரே சோபாவைப் புரட்டுகிறார்கள்.

வரைபடம் அந்த வீட்டுடையதாகவே இருக்கட்டும். மாடிப்படி மலையாகலாம், தண்ணீர்த் தொட்டி ஏரியாகலாம், துணி காயும் கொடிகள் காடாகலாம். எல்லாத் துப்பையும் ஒரே தாளில் எழுதாமல், ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது கிடைக்கும்படி ஆறேழு இடங்களில் வைக்க வேண்டும். வைக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குவது வசதி: முதலில் புதையலை ஒளித்து, அதற்கு வழிகாட்டும் துப்பை எழுதி, பிறகு அந்தத் துப்பு எங்கே இருக்கும் என்று முந்தைய துப்பில் எழுதிக்கொண்டே பின்னோக்கி வந்தால் சங்கிலி அறுந்துபோகாது.

எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குப் படத்துப்பு. ஏழு வயதுக்கு மேல் விடுகதை. “உள்ளே எப்போதும் மார்கழி, கதவைத் திறந்தால் விளக்கு” என்றால் குளிர்சாதனப் பெட்டிக்கு ஓடுவார்கள். “ஜோடியாக வந்தால்தான் இடம் தரும் விடுதி, வாசலிலேயே இருக்கிறது” என்றால் செருப்பு அலமாரி. “அழுக்கை விழுங்கித் தலைசுற்றி நிற்கும்” என்றால் துணி துவைக்கும் இயந்திரம். ஒன்பது, பத்து வயதுக்கு அடிக்கணக்கு கொடுக்கலாம்: வேப்பமரத்திலிருந்து வடக்கே பன்னிரண்டு அடி, அங்கிருந்து கிழக்கே ஐந்து. யாருடைய அடி என்று உடனே சண்டை வரும். எல்லோரும் நடந்து பார்த்து இடத்தைத் தீர்மானிக்கட்டும். குறிப்பிட்ட இடத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் புதையல் இருந்தால் போதும்.

இரண்டு குழுக்கள் என்றால் துப்புகளின் வரிசையை மாற்றி, கடைசி இடத்தை மட்டும் பொதுவாக வைக்க வேண்டும். ஒரு குழுவிடம் பெட்டி, மறு குழுவிடம் சாவி என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. முந்தி வந்தவர்களும் பிந்தி வந்தவர்களுக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். தோற்ற குழு என்று ஒன்று இருக்காது.

கே: பிறந்தநாள் குழந்தைதான் கேப்டன். ஆனால் விழா முழுவதும் அதிகாரம் செய்கிறதே?

ப: 18ஆம் நூற்றாண்டுக் கொள்ளைக் கப்பல்கள் பலவற்றில் கேப்டனை மாலுமிகளே தேர்ந்தெடுத்தார்கள், பிடிக்காவிட்டால் இறக்கிவிட்டார்கள். துரத்தலிலும் சண்டையிலும் மட்டும் அவர் சொல்லே முடிவு. மற்ற நேரங்களில் உணவையும் பங்கையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு அதிகாரி உண்டு. 1722இல் இறந்த பார்த்தலமியு ராபர்ட்ஸ் என்ற கொள்ளைக் கேப்டனின் கப்பல் விதிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. கப்பலில் ஒருவரையொருவர் அடிக்கக் கூடாது. காசு வைத்துச் சூதாடக் கூடாது. இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும். கேப்டனுக்கு இரண்டு பங்கு. சாதாரண மாலுமிக்கு ஒன்று. காயம்பட்டவருக்கு இழப்பீடு.

இந்த விதிகளைக் குழந்தைகள் கையில் கொடுத்தால் விழா தானாக ஒழுங்குக்கு வரும். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் உட்கார்ந்து தங்கள் கப்பலுக்கு ஐந்து விதி எழுதிக் கட்டைவிரல் ரேகை வைக்கட்டும். பிறந்தநாள் குழந்தைக்குத் துப்பைப் படிக்கும் உரிமை. பங்கு பிரிக்கும் பதவி வேறொரு குழந்தைக்கு. பங்கு பிரிப்பவர் தன் பங்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், காசுகள் வியக்கத்தக்க துல்லியத்தோடு எண்ணப்படும். கேப்டனுக்கு இரண்டு பங்கு வேண்டுமா என்பதையும் வாக்குக்கு விடலாம்.

பெட்டிக்குள் தங்கத்தாள் சுற்றிய காசு சாக்லேட், கடலை மிட்டாய், கண்ணாடி மணி, சின்ன நோட்டுப் புத்தகம். அள்ளிப்போகச் சுருக்குப் பை. பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொள்ளும் அதே பைதான். ரிட்டர்ன் கிஃப்டுக்குத் தனியே அலைய வேண்டியதில்லை, புதையல் பங்கே பரிசு.

கே: “பிறந்தநாளன்று கறுப்புக் கொடியா? மண்டை ஓடா?” என்று பாட்டி தடுக்கிறார்.

ப: பாட்டியின் சொல்லைத் தட்ட வேண்டியதில்லை. கொள்ளையர் கொடி கறுப்பு மட்டுமல்ல. சிவப்புக் கொடியும் பறந்தது. கொடியில் மண்டை ஓடு மட்டும்தான் இருந்தது என்றும் இல்லை. மணற்கடிகை, வாள், இதயம் எல்லாம் வரைந்தார்கள். எதிர்க்கப்பல் சண்டையின்றிச் சரணடைய வேண்டும் என்பதே நோக்கம். சிவப்புத் துணியில் ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த சின்னத்தை வரையட்டும்: நண்டு, மீன்முள், பம்பரம். முதல் கோட்டைப் பாட்டியே போட்டால் கப்பலுக்கு இன்னொரு மாலுமி கிடைப்பார்.

கே: வேட்டைக்கு முன்னும் பின்னும் என்ன விளையாடுவது?

ப: எல்லோரும் வந்து சேரும்வரை காகிதக் கத்திக்கப்பல் மடிக்கலாம். பிறகு அலுமினியத் தாளில் படகு செய்து தண்ணீரில் மிதக்கவிட்டு, மூழ்கும்வரை ஒவ்வொரு காசாக ஏற்றும் போட்டி. அகலமான அடிப்பாகம் கொண்ட படகு அதிகக் காசு தாங்கும் என்பதைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். கொலகொலையா முந்திரிக்காவும் இந்த விழாவுக்குப் பொருத்தம். அந்த ஆட்டமே கொள்ளையடித்தவனைக் கண்டுபிடிப்பதுதான். கொள்ளையர் கதைகளில் வருவதுபோல் பலகைமேல் நடக்கவிடுவதானால் பலகை தரையில் இருக்கட்டும், கண்ணைக் கட்ட வேண்டாம்.

கே: கேக்கைத் தவிர வேறென்ன?

ப: நீலக் கடல். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீர் நீலமாகும். அதில் கடல்பாசியைக் கொதிக்கவைத்துக் கரைத்துச் சர்க்கரை சேர்த்துத் தட்டில் ஊற்றினால் கடல் உறைந்துவிடும். ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் இளகும். கடல்பாசி ஒருமுறை உறைந்தால் கொதிநிலைக்கு அருகில் சூடேற்றினால்தான் கரையும். அதனால் மாலை முழுவதும் அலையாமல் நிற்கும். மேலே ஆரஞ்சுச் சுளைப் படகுகள், கரைக்கு நாட்டுச் சர்க்கரை மணல். மிச்சமான சங்குப்பூ நீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறும். குழந்தைகள் கேக்கை மறந்துவிடுவார்கள். மருந்தடிக்காத செடியின் பூவாக இருக்க வேண்டும். கடலை, பால் ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கே: கப்பலைச் சுற்றிப் பனிமூட்டம்போல் புகை விடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். உலர்பனி -78.5 டிகிரி செல்சியஸ். திரவ நைட்ரஜன் -196. தொட்டால் தோலைச் சுடும், விழுங்கினால் வயிற்றைக் கிழிக்கும், மூடிய அறையில் மூச்சையும் முட்டவைக்கும். 2024இல் ‘ஸ்மோக் பிஸ்கட்’ சாப்பிட்ட சிறுவன் துடித்த காணொளி பரவிய பிறகு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை திரவ நைட்ரஜன் கலந்த தின்பண்டங்கள் குறித்து எச்சரித்தது. மூட்டம் வேண்டுமானால் பஞ்சும் வெள்ளை மெல்லிய துணியும் போதும். வெடித்த பலூன் துண்டுகளையும் உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும். சின்னக் குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

கே: விழா முடிந்தபின் வீட்டை யார் சுத்தம் செய்வது?

ப: மாலுமிகள்தான். கொள்ளையர்கள் அவ்வப்போது கப்பலை ஒதுக்குப்புறமான மணற்கரையில் சாய்த்து, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டுவார்கள். சுரண்டாத கப்பல் வேகம் இழக்கும், பிடிபடும். இதைச் சொல்லிக் கடைசிப் பத்து நிமிடத்தைக் கப்பல் சுத்தம் செய்யும் ஆட்டமாக்கலாம். சுருக்குப் பையை அதன் பிறகு கொடுப்பது நல்லது. ஒளித்த காசு, மணி, துப்புத் தாள் எல்லாவற்றின் எண்ணிக்கையையும் முன்பே குறித்து வைத்திருந்தால், மணலிலும் பூந்தொட்டியிலும் எத்தனை மிச்சம் என்பது அப்போதே தெரிந்துவிடும். சாக்லேட் காசு ஒன்று தப்பினாலும் காலையில் எறும்பு வரிசைகட்டி வந்து இடத்தைக் காட்டும்.