மலிவு விலையில் கூர்மை

உளிக்குச் சாணை பிடிப்பவர் கேட்கும் கூலி அநியாயம் என்று நினைப்பவர்களை நம்பியே ஆன்லைன் சந்தை பிழைக்கிறது. முதல் வரவு ஒரு குட்டிச் சாணை மெஷின். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று. தண்ணீரில் தோய்க்க மறந்தால் உளி நுனி நீலம் பாய்ந்துவிடும். பார்க்க அழகுதான், அந்த இடத்தில் எஃகின் பதம் போனதைத் தவிர வேறு குறை இல்லை.

ஆகவே அடுத்து தண்ணீர்க்கல்: 1,000 கிரிட்டில் ஒன்று, 6,000-இல் ஒன்று. கல்லில் குழி விழும். அதைச் சமன் செய்ய வைரத்தூள் தகடு. சாய்வு 25 டிகிரியில் நிற்க, உருளை வைத்த பிடிப்பான். மெருகுக்குத் தோல்பட்டை. இத்தனையும் ஓர் உளிக்கு.

கைரம்பம் சாது. முக்கோண அரம் போட்டு, பற்களை இடமும் வலமுமாய் மாற்றிச் சாய்த்தால் அடங்கிவிடும். வட்ட ரம்பத்தின் கார்பைடு பல்தான் வில்லன். அரம் அதைத் தொட்டால் தேய்வது அரம். வைரச் சக்கரம் வேண்டும். அதைவிட, எல்லாப் பல்லும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று உயர்ந்துவிட்டால், சில அலுவலகங்களைப்போல, மொத்த வேலையும் அதன் தலையில் விழும்.

4 அங்குல மலிவு பிளேடைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவதே லாபம். 12 அங்குல நல்ல பிளேடைப் பட்டறைக்கு அனுப்பலாம். நம் சிக்கனக்காரர் தலைகீழாகச் செய்வார்: சின்னதைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, பெரியதைத் தானே ராவுவார்.

இப்போது தீட்டும் சாமான்கள் வைக்க வீட்டில் இடமில்லை. அலமாரி செய்ய ஆசாரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.