பானட்டில் மாமாவின் கைரேகை

பழைய காரைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்றுதான் ஊரே கேட்கும். துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று கேட்க ஒரு ஜீவன் இருக்காது.

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960-களில் நம் சென்னையிலேயே தயாரான வண்டி. அதில் பானட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டு. கீல் மூக்கோரம் இருப்பதால் திறந்தால் மொத்த முகமும் முன்னால் சாயும். கழற்றிப் போட்டால் அதற்கடியில் ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம். பட்டறைப் பையன் தூங்கியும் இருக்கிறான்.

பெயிண்டர் மாஸ்டர் கலரைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டார். பழைய பெயிண்டை உரித்து, தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துவிட்டு ஒரே ஒரு சட்டம் போட்டார்: "பிரைமர் அடிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது சார்."

நம் ஊரில் நடக்கிற காரியமா இது? புடவையோ பூசணிக்காயோ, தடவிப் பார்க்காமல் நமக்கு எதுவும் விளங்காது. அன்று சாயங்காலமே மாமா வந்தார். வலது கையில் மசால்வடை. இடது கையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த வியர்வை. "அடடே, என்னமா மின்னுது மாப்ளே!" என்று இரண்டு கையாலும் ஆசீர்வதித்தார்.

மறுநாள் காலையில் பானட்டின் இடப்பக்கம் ஐந்து விரல்களும் செம்பழுப்பில் பதிந்திருந்தன. வெறும் இரும்பில் வியர்வை உப்பு பட்டால் ஓரிரவு போதும். ரேகைகூடத் துல்லியமாக வந்திருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. "இந்தக் கை பரவால்ல சார், கண்ணுக்குத் தெரியுது. தேச்சு எடுத்துரலாம். வடை கை எங்க வெச்சாரு, அதச் சொல்லுங்க" என்றார்.

விஷயம் அதுதான். எண்ணெய் பட்ட இடத்தில் துரு பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. ஸ்ப்ரே கன்னிலிருந்து வந்து விழும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு நாலாபக்கமும் விலகி, மீன் கண் போலக் குழி விழும். ஆகவே பானட் முழுவதையும் கிரீஸ் ரிமூவர் தோய்த்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு துணியால் ஒற்றி எடுத்தார். காயவிட்டால் கரைந்த எண்ணெய் மறுபடி அங்கேயே படிந்துவிடுமாம். கையோடு எபாக்ஸி பிரைமர் அடித்து, மாமாவிடமிருந்து வண்டியைக் காப்பாற்றினார்.

பிறகு பட்டி பார்ப்பது, தேய்ப்பது. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. 80-ஆம் நம்பர் பேப்பரில் ஆரம்பித்து 180, 320 என்று ஏறிக்கொண்டே போகும். நடுவில் கறுப்பு பெயிண்டைப் பன்னீர் தெளிப்பது போல லேசாகத் தூவி, கட்டையில் சுற்றிய பேப்பரால் தேய்க்கிறார். பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும். மேட்டில் உடனே போய்விடும். மங்கலான பிரைமர் எந்தக் குறையையும் வெளியே சொல்லாது. மேல் பூச்சு ஏறியதும்தான் வம்பு: டியூப் லைட் அதில் நேராகத் தெரிய வேண்டும்; நெளிந்து தெரிந்தால் பட்டியில் பாதகம்.

அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920-களில் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கொண்டுவந்தபோது, வாரக்கணக்கில் இழுத்த கார் பெயிண்ட் வேலை நாள்கணக்குக்கு இறங்கியது. காய்கிற நேரத்தைக் குறைக்க ஆள் பிறந்தான். தேய்க்கிற நேரத்தைக் குறைக்க இன்னும் எவனும் பிறக்கவில்லை.

பழைய வண்டிக்கு அதே என்.சி. பெயிண்ட்தான் என்று முடிவு. மாஸ்டர் தினமும் வானத்தைப் பார்த்து "இன்னிக்கு வேணாம் சார்" என்றார். சாக்கு என்று தள்ளவும் முடியாது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப் போகும். மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு பானட் சாம்பல் பூத்து நிற்கும். ஹார்டனர் கலந்த பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்டுக்கு இந்தச் சாம்பல் தொல்லை கிடையாது. ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். பல பட்டறைகளில் முகத்தில் வெறும் கைக்குட்டையோடு அதை அடிக்கிறார்கள். இதை மட்டும் வேடிக்கையாக எழுத மனம் வரவில்லை.

ஒருவழியாக வெயில் வந்தது. தூசி எழாமலிருக்கத் தரையை நனைத்து, கம்ப்ரஸரில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, தகரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி கன்னைப் பிடித்தார் மாஸ்டர். ஒரு வீச்சின் பாதியை மூடியபடி அடுத்த வீச்சு. நான் டீ வாங்கி வருவதற்குள் முதல் கோட் முடிந்துவிட்டது. மின்னும் ஈரத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. நான் பதறினேன். "தொடாதீங்க சார், காயட்டும். 1500-ல தேச்சா கொசு போயிடும். கால் ரெண்டு நின்னாலும் நிக்கும்; 2000-ல அதுவும் போயிடும்."

போனது. இப்போது வருகிறவர்களெல்லாம் "கலர் சூப்பர்" என்கிறார்கள். கலருக்கு ஆன செலவு பில்லில் ஒரு சின்ன வரி, மீதியெல்லாம் கூலி. நீங்களும் பழைய வண்டி வைத்திருந்தால் பெயிண்ட் கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். தேய்க்கிறவரிடம் மட்டும் பேசாதீர்கள். கேட்ட கூலியைக் கொடுத்துவிடுங்கள்.