பியட்டா, அம்பாசடரா?

சைக்கிள் வாங்கவே கடன் போட வேண்டியிருந்த காலத்தில், மாரிக்குப்பம் டீக்கடையில் நாங்கள் காருக்காகத்தான் சண்டை போட்டோம். ஒருத்தரிடமும் கார் கிடையாது. அதனால் சண்டைக்கு முடிவும் கிடையாது.

நான் பியட் கட்சி. 1089 சிசிதான், ஆனால் 900 கிலோகூட வராத லேசான உடம்பு. மைன்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வைத்திருந்தார். ஸ்டியரிங் ஓரத்துக் கியரை அவர் இரண்டு விரலால் தள்ளுவதைப் பார்க்கவே நாங்கள் வேலி ஓரம் நிற்போம்.

எதிர்க்கட்சி என் மாமா. சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத் தொழிலாளி. “1489 சிசிடா! உன் பியட்ல பத்துப் பேரை ஏத்திக் காட்டு, பாக்கலாம்” என்பார்.

குடியாத்தம் கல்யாணத்துக்கு வாடகை அம்பாசடரில் பத்துப் பேர் போனோம். மடியில் இருந்த குழந்தைகள் கணக்கில் இல்லை. திரும்பும்போது பேரணாம்பட்டு மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்தது. டிரைவர் ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு மெல்லத் திருக, ஆவி சீறியது. குழந்தைகளுக்கென்று வைத்திருந்த கூஜாத் தண்ணீரை வண்டி குடித்தது. மாமா அசரவில்லை: “பியட்டா இருந்தா அடிவாரத்துலயே படுத்திருக்கும்.” வண்டி 80-ஐத் தொட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு டிரைவரைத் திட்டுவார். பிழைப்புக்கு அவர் கூண்டில் இறங்கிய சுரங்கத்தின் ஆழமோ மூன்று கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கூண்டின் வேகத்தைப் பற்றி டீக்கடையில் யாரும் வாயே திறந்ததில்லை.

பின்னால் பத்மினி என்று பெயர் மாறிய பியட் 2000 வாக்கில் நின்றது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடரும் ஓய்ந்தது. 2017-ல் அதன் பெயரை மட்டும் பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயருக்கு 80 கோடி! தங்கம் எடுத்தவர்களின் பாக்கி பற்றிப் பேச இது இடமில்லை.

இப்போது பேரன் போனில் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். பியட் 40 குதிரைசக்தி, அம்பாசடர் 50. எடையால் வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. அத்தனை வருஷத் தொண்டைத் தண்ணீரும் வீண். 2021 விதிப்படி, 50 வயது தாண்டி அசல் உருவம் கெடாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஊர்வலம், கண்காட்சிக்குப் போகலாம், அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. 50 தாண்டிய எங்கள் ஆட்களில் அசல் நுரையீரலோடு இருப்பவர்கள் குறைவு. எங்களுக்கு அந்தப் பிரிவு கிடையாது.

போன மாதம் ராபர்ட்சன்பேட்டைக் கல்யாணத்துக்கு பெங்களூரிலிருந்து ஓர் அம்பாசடர் லாரியில் ஏறி வந்தது. மாமா தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே போய் பானெட்டைத் தடவினார்.

“தம்பி, எத்தனை பேர் ஏறலாம்?”

“பொண்ணு மாப்பிள்ளை மட்டும்தான் தாத்தா. அக்ரிமென்ட்.”

“ரெண்டு பேருக்கா? அதுக்கு பியட்டே போதுமே!”