1.35 வோல்ட்டுக்கு ஒரு மனு

பெறுநர்: பாதரச பேட்டரிக்குத் தடை போட்ட மேலிடத்தார் அனைவரும்
பொருள்: 0.15 வோல்ட் கூடுதலாகக் கிடைப்பது தொடர்பாக

ஐயா / அம்மா,

ஊரில் எல்லோரும் மின்சாரம் போதவில்லை என்று மனு எழுதுவார்கள். எனக்குக் கூடுதலாக வருகிறது. அதுதான் என் குறை.

என்னிடம் மினோல்டா எஸ்.ஆர்.டி. 101 கேமரா ஒன்று இருக்கிறது. 1966-இல் வெளிவந்த மாடல். ஷட்டருக்கு பேட்டரி வேண்டாம். ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும் அடியில் ஒரு பட்டன் பேட்டரி. பி.எக்ஸ். 625 என்று பெயர், பாதரசச் சரக்கு. போட்ட அன்றும் 1.35 வோல்ட், சாகப்போகிற அன்றும் ஏறக்குறைய அதே 1.35. இப்படி ஒரே பேச்சில் நிற்பவர்களை நீங்கள் உங்கள் கூட்டங்களில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதன் விற்பனையைத் தடுத்து 1996-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 2000-இல் ஐரோப்பா கதவைச் சாத்தியது. பிறகு பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கை வந்து 2020 என்று கெடு வைத்தது. நல்லவரை ஓய்வில் அனுப்பியாயிற்று. அவர் நாற்காலியில் உட்கார வந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஆல்கலைன். அதே உருவம், 1.5 வோல்ட். இதைப் போட்டால் மீட்டர் மாலை வெயிலை நடுப்பகல் என்கிறது. படம் இருண்டு போகிறது. நாளாக ஆக வோல்ட் இறங்குவதால் பொய்யும் மாறிக்கொண்டே போகிறது. ஒரே பொய்யாக இருந்தால் கணக்குப் போட்டுச் சமாளித்திருப்பேன்.

அடுத்தது சில்வர் ஆக்ஸைடு. 1.55 வோல்ட், ஆனால் நிதானமானவர். டயோடு வைத்த அடாப்டர் ஒன்று உண்டு, அதிகப்படியான 0.2-ஐ விழுங்கிவிடும். அதன் விலையைக் கேட்டபோது நானும் எதையோ விழுங்கினேன்.

கடைசியில், காது மெஷினுக்குப் போடும் 675. துத்தநாகமும் காற்றும் சேர்ந்து 1.4 வோல்ட். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் மூச்சுவிடத் தொடங்கும். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில வாரங்களில் மூச்சு நின்றுவிடும். இதைக் கேட்டு மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரத் தம்பி என் காதருகே குனிந்து, "எந்தக் காதுக்கு சார்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். கண்ணுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அதன்பின் இன்னும் சத்தமாகப் பேசுகிறார்.

ஆகவே கேமராக்காரர்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கலை, ஆவணம், சரித்திரம் என்று ஒரு பத்தி பிரமாதமாக வந்துவிட்டது. உதாரணத்துக்கு, இதே கேமராவில் பெரிய வேலை செய்த ஒருவரைத் தேடினேன். புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் கிடைத்தார். 1971 முதல் 1973 வரை எஸ்.ஆர்.டி. 101-உம் கையுமாக அவர் இருந்த ஊர் மினமாட்டா. சிஸ்ஸோ ஆலைக் கழிவின் பாதரசம் கடலில் இறங்கி, மீனில் ஏறி, மீன் தின்றவர்களின் நரம்பைத் தின்ற ஊர். தாய் வயிற்றிலேயே நஞ்சேறிப் பிறந்த பிள்ளைகளை அவர் படமெடுத்தார். 1972-இல் ஆலை ஆட்கள் அடித்ததில் அவர் பார்வை கெட்டது.

அந்த மாடலுக்கும் இதே பி.எக்ஸ். 625 தான். பாதரசத்துக்கு எதிராகச் சாட்சி சொன்ன கேமராவின் வயிற்றிலும் கொஞ்சம் பாதரசம்.

பத்தியைக் கிழித்துவிட்டேன். தடை அப்படியே இருக்கட்டும். மருந்துக் கடையில் கத்தலைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

இப்படிக்கு,
0.05 வோல்ட் கூடுதலோடு வாழப் பழகியவன்

இணைப்பு: தீர்ந்துபோன பி.எக்ஸ். 625 ஒன்று. தபாலில் போட மனம் வரவில்லை, குப்பையில் போடவும் மனம் வரவில்லை. விற்கக் கூடாது என்று சொன்னீர்கள். பழையதை எங்கே கொடுப்பது என்று என் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளவும்.