டிரேக்கே தவிர்த்த வழி

அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் அண்டார்க்டிகா கப்பல் ஏறியதுமே உபதேசம் தொடங்கிவிடும்: காதுக்குப் பின்னால் ஸ்கோபோலமைன் பேட்ச்சைச் சில மணி நேரம் முன்பே ஒட்டிக்கொள்ளுங்கள், ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும். அந்தக் கம்பி நெடுகக் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல வாந்திப் பைகள். பீகிள் கால்வாய் தாண்டும்வரை எல்லாருமே மாலுமிகள்தான். இரவு விருந்தில் இனிப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்கள். பிறகு தென் ஷெட்லாந்து தீவுகள் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் திறந்த கடல்: டிரேக் நீரிணை. சாதுவாக இருந்தால் ‘டிரேக் ஏரி’, இல்லாவிட்டால் ‘டிரேக் குலுக்கல்’. எது வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போது யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும், இந்த நீரிணைக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் டிரேக் 1578இல் மெகெல்லன் நீரிணை வழியாகத்தான் பசிபிக்குக்குப் போனார். மனிதர் விவரமானவர்.