மிக்ஸட் மீடியா என்னும் மீட்புப் பணி

மாமல்லபுரத்துக்குப் படம் வரையக் கிளம்பியபோது மனைவி கேட்டாள்: "ஒரு நாள் பயணமா, வீடு மாத்துறீங்களா?" என் பையில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள், வண்ணக் கட்டிகள், நீரில் கரையாத மைப்பேனா, மெழுகு கிரேயான், பசை, ஒரு பொட்டலம் கல்லுப்பு. உப்பு சுண்டலுக்கு அல்ல. ஈர வண்ணத்தில் தூவினால் சாயத்தை உறிஞ்சி நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூக்கும்.

கடற்கரைக் கோயில் எதிரே உட்கார்ந்தேன். வானத்துக்குப் பூசிய நீலம் கடற்காற்றின் ஈரத்தில் காயவே இல்லை. பொறுமையிழந்து ஈரத்தின்மேலேயே பேனாவை வைத்தேன். மை கோயில் விமானத்திலிருந்து கடல்வரை ஓடியது. மறைக்கக் கிரேயான். மெழுகின்மேல் நீர்வண்ணம் ஒட்டுமா? கடைசியில் பஸ் டிக்கெட்டை ஒட்டி மூடினேன். ஒரு பிழையை அடுத்த பிழையால் மூடும் இந்தக் கலைக்குத்தான் 'மிக்ஸட் மீடியா' என்று பெயர்.

எட்டிப் பார்த்த சுண்டல்காரர், "நல்லாருக்கு சார். இது எந்த ஊரு?" என்றார்.

அப்போது ஓவியர் சில்பி நினைவுக்கு வந்தார். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்கு வரைந்தவர். அவர் வரைந்த சிலையின் நகையில் மணிகளைக்கூட எண்ணலாம். என் பையில் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: பொறுமை. அதை எந்தக் கடையிலும் கட்டியாகவோ ட்யூபாகவோ விற்பதில்லை.