செயின்ட் லூயிஸ் ஓட்டப் புராணம்

கால்கோள் படலம்

ஓட்டப் பந்தயத்தை எப்படியெல்லாம் நடத்தக் கூடாதோ, அத்தனையையும் ஒரே பிற்பகலில் செய்து காட்டிய பெருமை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு உண்டு. நாள்: 1904 ஆகஸ்ட் 30. போட்டி: ஒலிம்பிக் மாரத்தான்.

அந்த ஒலிம்பிக் முதலில் சிகாகோவுக்கு என்றுதான் முடிவாகியிருந்தது. ஆனால் செயின்ட் லூயிஸ்காரர்கள் அதே வருடம் உலகக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஒலிம்பிக்கைத் தராவிட்டால் போட்டிக்குப் போட்டியாக விளையாட்டு விழா நடத்துவோம் என்று முறுக்கினார்கள், கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு அதைக் கண்காட்சியின் ஓரத்தில் ராட்டினத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே போட்டுவிட்டார்கள். அவ்வளவு தூரம் கப்பலேறி வர ஐரோப்பியர் பலருக்கு மனம் வரவில்லை. நவீன ஒலிம்பிக்கின் தந்தை கூபர்த்தேனே வரவில்லை. பிள்ளையின் கல்யாணத்துக்குத் தகப்பனார் வராதது மாதிரி. ஆகவே உலகப் போட்டி என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் உள்ளூர்ப் பந்தயம்தான்.

மாரத்தானுக்கு 32 பேர் நின்றார்கள். விடியற்காலையில் ஓடவிடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மதியச் சாப்பாடு சாவகாசமாக முடிந்து, மூன்று மணிக்குத் துப்பாக்கி வெடித்தார்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸ் வாக்கில். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். வழியில் ஏழு மேடுகள். தார் காணாத மண் சாலை. ஓடுபவர்களுக்கு முன்னும் பின்னும் அதிகாரிகளும் மருத்துவர்களும் பத்திரிகைக்காரர்களும் மோட்டார் காரில் போனார்கள். அதாவது ஓடுகிறவர்களுக்குக் காற்றுக்குப் பதில் புழுதி.

தண்ணீர்? பாதி வழியில் ஒரு கிணறு. அதை விட்டால் அநேகமாக வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஓடும்போது தண்ணீர் குடித்தால் கெடுதல் என்பது அந்தக் காலத்து விஞ்ஞானம். போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு உடம்பில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை வேறு இருந்ததாகச் சொல்கிறார்கள். ஆசை நிறைவேறியது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் கார்சியா என்பவரைச் சாலையோரத்தில் மயங்கிக் கிடந்த நிலையில் கண்டெடுத்தார்கள். விழுங்கிய புழுதி உணவுக்குழாயில் படிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிழைத்தது அவர் ஆயுசு கெட்டி.

அதற்கு முன்பு பாஸ்டன் மாரத்தானில் வென்ற சூரர்கள் மூன்று பேர் அன்று ஓடினார்கள்: மெல்லர், லார்டன், ஸ்பிரிங். 1902, 1903, 1904 என்று வரிசையாக மூன்று வருடத்து வெற்றியாளர்கள். மூன்று பேரும் பாதியிலேயே கையை விரித்துவிட்டார்கள். களம் இப்போது மற்றவர்களின் கையில்.

ஆப்பிள் படலம்

கியூபாவிலிருந்து வந்தவர் ஃபெலிக்ஸ் கர்வகால். தொழில் தபால்காரர். ஐந்தடிக்குச் சற்றே மேல் உயரம். பயிற்சியாளர் கிடையாது, பயணப்படி கிடையாது. கியூபாவுக்குள் ஊர் ஊராக ஓடிக் காட்டியே வழிச்செலவுக்குப் பணம் திரட்டினார். பயிற்சிக்குப் பயிற்சி, வசூலுக்கு வசூல்.

கப்பல் நியூ ஆர்லியன்ஸில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு பகடை ஆட்டத்தில் மொத்தப் பணமும் போயிற்று என்பது கதை. மிச்ச தூரத்தை நடந்தும் வண்டிக்காரர்களைக் கெஞ்சியும் கடந்திருக்கிறார். பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பார்கள்; இவர் அந்த வாரத்தில்தான் முக்கால் பந்தயத்தை முடித்திருந்தார்.

முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, தெருவில் நடக்கிற கனத்த பூட்ஸ். இந்தக் கோலத்தில் வந்து நின்றவரைப் பார்த்து, வட்டெறிய வந்திருந்த வீரர் ஒருவர் மனமிரங்கிக் கத்தரிக்கோலை எடுத்தார். கால்சட்டை முழங்காலோடு நின்றது. விளையாட்டு உடை தயார்.

ஓட்டத்தின்போதும் கர்வகால் எந்த அவசரமும் காட்டவில்லை. வழியில் நின்றவர்களிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் குசலம் விசாரித்தார். ஒரு காரில் இருந்தவர்கள் பீச் பழம் தின்றுகொண்டிருந்தார்கள். கேட்டார், தரவில்லை, இரண்டைப் பறித்துக்கொண்டு ஓடினார். அன்றைய தினத்தில் அவர் காட்டிய உச்ச வேகம் அதுவாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு தோட்டத்தில் ஆப்பிள் தின்றார். அழுகல் ஆப்பிள். வயிறு தன் கருத்தைச் சொல்லிவிட்டது. சாலையோரம் படுத்து ஒரு குட்டித் தூக்கம் போட்டு, எழுந்து ஓடினார்.

அப்படியும் நான்காம் இடம்.

காரேறு படலம்

முதலில் வந்து சேர்ந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிரெட் லார்ஸ். கொத்தனார். பகலில் செங்கல் வேலை, இரவில் ஓட்டப் பயிற்சி. சம்சாரிகளுக்கு வேறு நேரம் எது?

மைதானம் ஆர்ப்பரித்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் பக்கத்தில் நின்றார். படமெடுக்கத் தயாரானார்கள். மலர்வளையம் தலையில் இறங்கப் போகிற நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: இந்த ஆள் காரில் வந்தவர்!

உண்மைதான். ஒன்பதாவது மைலில் காலைச் சுண்டி இழுத்ததும் மனிதர் ஒரு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கிட்டத்தட்ட 11 மைல் சவாரி. வழியில் தெரிந்தவர்களுக்குக் கையாட்டிக்கொண்டும் போயிருக்கிறார். அந்தக் காலத்துக் கார் அல்லவா, அதுவும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இதற்குள் கால் சரியாகிவிட்டதால் இறங்கி ஓடினார். கார் கடைசி வரை ஓடியிருந்தால் லார்ஸ் யோக்கியராகவே வீட்டுக்குப் போயிருப்பார்.

சும்மா தமாஷுக்குச் செய்தேன் என்றார். தமாஷை ரசிக்கும் நிலையில் யாரும் இல்லை. ஆயுள் தடை விதித்தார்கள். பிறகு மனம் இளகித் தடையை நீக்கவும் செய்தார்கள். அடுத்த வருடம், 1905இல், பாஸ்டன் மாரத்தானில் இதே லார்ஸ் முதலாவதாக வந்தார். இந்த முறை சொந்தக் காலில்.

நஞ்சூட்டு படலம்

அப்படியானால் உண்மையில் வென்றவர் யார்? தாமஸ் ஹிக்ஸ். இங்கிலாந்தில் பிறந்து மாசசூசெட்ஸில் பித்தளை வேலை பார்த்தவர். இவருக்கு மட்டும் உதவியாளர்கள், கூடவே வர ஒரு கார், மருந்துப் பெட்டி என்று சகல வசதியும் இருந்தது. அதுதான் அவருக்கு வந்த வினை.

கடைசி பத்து மைல் இருக்கும்போது தண்ணீர் கேட்டார். தர மறுத்துவிட்டார்கள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து வாயைத் துடைத்துவிட்டார்கள். ஏழு மைல் இருக்கும்போது முட்டை வெள்ளைக்கருவோடு ஸ்டிரிக்னைன் கொடுத்தார்கள்.

ஸ்டிரிக்னைன் நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. நம் ஊர்க் காடுகளில் நிற்கிற எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கிற விஷம். கூடிப்போனால் உடம்பு வில்லாக வளைந்து உயிர் போகும். அந்தக் காலத்தில் எலி மருந்தில் போட்டார்கள். துளியளவு கொடுத்தால் நரம்பு முறுக்கேறும் என்று அந்தக் கால மருத்துவர்கள் நம்பினார்கள். எலிக்கு எமன், ஹிக்ஸுக்கு எனர்ஜி டிரிங்க்.

லார்ஸின் கூத்து வெளிப்பட்ட செய்தி வந்ததும் ஹிக்ஸின் ஆட்களுக்கு உற்சாகம் பீறிட்டது. இன்னொரு வேளை எட்டிச் சாரம், மேலே பிராந்தி. தண்ணீர் குடித்தால் கெடுதல், பிராந்தி குடித்தால் தேக புஷ்டி! ஹிக்ஸின் முகம் சாம்பலாக வெளுத்தது. கண் எங்கேயோ பார்த்தது. இன்னும் 20 மைல் பாக்கி இருப்பதாகப் பிதற்றினார். கடைசியில் இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, கால்கள் காற்றில் ஓட, எல்லைக்கோட்டைக் கடந்தார். 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. எட்டு வருடம் முன்பு ஏதென்ஸில் ஸ்பைரிடன் லூயிஸ் கிட்டத்தட்ட இதே தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் முடித்திருந்தார். ஒலிம்பிக் மாரத்தானில் இதைவிட மெதுவாக வந்து தங்கம் வாங்கியவர் இன்றுவரை கிடையாது.

ஒரு மனிதரைக் காரில் ஏறியதற்காக விரட்டினார்கள். இன்னொருவருக்கு விஷம் கொடுத்து, தூக்கி வந்து, கோப்பையும் கொடுத்தார்கள். விதிப்புத்தகத்தில் கார் கூடாது என்றிருந்தது. எட்டிக்கொட்டை பற்றி ஒன்றும் இல்லை. அந்த ஓட்டத்தை உடனிருந்து பார்த்து மறு வருடம் புத்தகம் எழுதிய சார்லஸ் லூகாஸ், ஓட்டக்காரர்களுக்கு மருந்து நன்மையே செய்யும் என்பது இதனால் நிரூபணமாகிறது என்று முடித்தார். பந்தயத்திலேயே சிறந்த தமாஷ் லார்ஸுடையது அல்ல, இதுதான்.

நாய் துரத்து படலம்

இரண்டு பேர் பாக்கி. லென் தௌன்யானே, யான் மஷியானி. தென்னாப்பிரிக்காவின் ட்ஸ்வானா இனத்தவர்கள். ஓட வந்தவர்களே அல்ல. கண்காட்சியில் போயர் போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியோடு வந்தவர்கள். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்கள் இவர்கள்தான். பட்டியலில் பேரைக்கூடச் சரியாக எழுதவில்லை. லென்டாவ், யமசானி என்று காதில் விழுந்ததை எழுதிவைத்தார்கள்.

இந்த மாரத்தானுக்கு இரண்டரை வாரம் முன்பு, ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் இதே சல்லிவன் தரப்பு 'மானுடவியல் நாட்கள்' என்று ஒன்றை நடத்தியிருந்தது. கண்காட்சியில் காட்சிப்பொருளாக வைத்திருந்த பழங்குடி மக்களைக் கூட்டி வந்து, பயிற்சி தராமல், விதிகளைச் சரிவர விளக்காமல் ஓடு, தாண்டு, எறி என்றார்கள். அவர்கள் சரியாகச் செய்யாததைக் குறித்துக்கொண்டு, வெள்ளையர்தான் விளையாட்டில் உயர்ந்தவர்கள் என்று மார்தட்டினார்கள்.

ஆகஸ்ட் 30 அன்று என்ன நடந்தது? ஓடிய 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர். பாஸ்டன் சூரர்கள் மூவரும் அந்தக் கணக்கில் இல்லை. மஷியானி பன்னிரண்டாவது, தௌன்யானே ஒன்பதாவது. அதுவும் வழியில் ஒரு நாய் தௌன்யானேயைப் பாதையை விட்டு ஒரு மைல் தூரம் துரத்தியதாம். அது மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இன்னும் முன்னால் வந்திருப்பார் என்று அன்று பார்த்தவர்களே சொன்னார்கள்.

ஹிக்ஸுக்குக் காரோடும் பிராந்தியோடும் உதவியாளர்கள் இருந்தார்கள். தௌன்யானேக்குக் கிடைத்தது அந்த நாய் ஒன்றுதான். எப்படிப் பார்த்தாலும் அந்த நாய் மேல். ஓட வைத்தது, விஷம் வைக்கவில்லை.